தொங்கும் சுண்டெலியும் தனிக் கூண்டும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

விண்வெளிப் பயணம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது தீப்பிழம்பைக் கக்கிக்கொண்டு மேலெழும் ராக்கெட்டும், கையசைத்து விடைபெறும் வீரர்களுமே. வாலில் கட்டுப் போட்டுக்கொண்டு, பின்னங்கால்கள் தரையில் படாமல், முன்னங்கால்களால் மட்டும் கூண்டுக்குள் நடந்து திரியும் ஒரு சிறு சுண்டெலி யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. ஆனால் எடையற்ற நிலையில் எலும்பும் தசையும் என்ன ஆகின்றன என்பது பற்றி இன்று விஞ்ஞானிகள் அறிந்திருப்பவற்றுள் கணிசமான பகுதியைச் சொல்லிக் கொடுத்தது அந்தச் சுண்டெலியும் அதன் இனத்தாருமே. அது ஏன் தொங்குகிறது, தொங்கும்போது அதன் உடல் என்ன பாடுபடுகிறது, அந்தப் பாட்டில் தொங்குவதால் வந்தது எவ்வளவு, தனித்திருப்பதால் வந்தது எவ்வளவு என்பதை இக்கட்டுரையில் காண்போம். கடைசியில் சொன்ன கேள்விதான் நம்மை மிகவும் கவர்ந்தது. ஆகவே அதற்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் எடையின்மை என்றால் என்னவென்று பார்ப்போம். விண்வெளியில் புவியீர்ப்பு இல்லாததால் பொருள்கள் மிதக்கின்றன என்று சொல்வாருண்டு. நியூட்டனின் விதியைக் கொண்டு நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். புவியின் ஆரம் சுமார் 6,400 கிலோமீட்டர். சர்வதேச விண்வெளி நிலையம் தரைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஆக, புவியின் மையத்திலிருந்து அதன் தொலைவு 6,800 கிலோமீட்டர். 6,400-ஐ 6,800-ஆல் வகுத்து இருமடிப் பெருக்கம் செய்தால் 0.886 கிடைக்கிறது. அதாவது தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 89 சதவிகிதம் அங்கேயும் இருக்கிறது! பிறகு ஏன் மிதக்கிறார்கள்? கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிறு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாளியும் விழுகிறது, வாளியிலுள்ள நீரும் அதே வேகத்தில் விழுகிறது. விழும் அந்த நேரத்தில் நீர் வாளியின் அடியை அழுத்துவதில்லை. விண்வெளி நிலையமும் இப்படித்தான் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால், புவியின் வளைவும் கூடவே விலகிச் செல்ல, அது தரையைத் தொடுவதே இல்லை. தொண்ணூறு நிமிடத்தில் உலகை ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறது.

இந்த ‘விழுதலை’ நம் பூமியிலேயே உண்டாக்க முடியாதா? முடியும். ஆனால் சில விநாடிகளுக்கு மட்டுமே. ஜெர்மனியில் பிரெமன் நகரில் இதற்கென்றே கட்டிய ஓர் உயர்ந்த கோபுரம் இருக்கிறது. அதனுள் 110 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பெட்டியை விழவிட்டால் ஐந்து விநாடிக்கும் குறைவான நேரமே எடையின்மை கிடைக்கிறது. எலும்பு தேய்வதற்கும் தசை மெலிவதற்கும் வாரக்கணக்கில் ஆகுமே! ஐந்து விநாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சுண்டெலியைத் தொங்கவிடுதல்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ‘நாசா’வுக்குச் சொந்தமான ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1970களில் அங்கு எமிலி மோரி-ஹோல்டன் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விண்வெளியைத் தரைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் எடையின்மை உடலுக்குச் செய்யும் இரண்டு காரியங்களைத் தரையிலேயே செய்து காட்டலாம் அல்லவா? ஒன்று, கால்கள் உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியதில்லை. மற்றொன்று, கீழ்நோக்கி இறங்கி நிற்க வேண்டிய இரத்தமும் பிற நீர்மங்களும் மார்பையும் தலையையும் நோக்கி நகர்கின்றன. விண்வெளி வீரர்களின் முகம் முதல் சில நாட்கள் உப்பியிருப்பது இதனால்தான்.

முறை எளிமையானது. விலங்கின் வாலில் மெத்தென்ற ஒட்டுப்பட்டையைச் சுற்றி, கூண்டின் மேற்புறம் குறுக்கே செல்லும் கம்பியில் ஓடும் ஒரு சிறு கப்பியோடு இணைத்துவிடுகிறார்கள். பின்னுடல் மேலெழும்பி, தலை தாழ்ந்து, உடல் சுமார் 30 பாகைச் சாய்வில் நிற்கிறது. பின்னங்கால்கள் தரையைத் தொடுவதில்லை. முன்னங்கால்கள் தரையில் பதிகின்றன. கப்பி நகர நகர விலங்கும் முன்னங்கால்களால் நடந்து சென்று உணவை உண்ணலாம், நீர் அருந்தலாம். சாய்வை 30 பாகையாக வைத்ததற்கும் காரணம் உண்டு. அந்தச் சாய்வில் முன்னங்கால்கள் வழக்கமாகத் தாங்கும் பாரத்தையே தாங்குகின்றன, அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. வாலை முழுவதும் மூடிவிடவும் கூடாது. எலி தன் உடல் வெப்பத்தை வெளியேற்றுவது வாலின் வழியாகத்தான்.

முதலில் எலிகளைக் கொண்டு நடந்த இச்சோதனை பின்னர் சுண்டெலிகளுக்கும் வந்தது. எலி வேறு, சுண்டெலி வேறு என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். வளர்ந்த பெண் சுண்டெலியின் எடை சுமார் 20 முதல் 25 கிராம்தான். ஆராய்ச்சிக்கூடம் என்றதும் வெள்ளை எலியே நம் நினைவுக்கு வந்தாலும், இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் பயன்படுவது கறுப்புச் சுண்டெலி. தலைமுறை தலைமுறையாக உடன்பிறந்தவற்றையே இணைத்து வளர்த்ததால், இவை ஒரே அச்சில் வார்த்தவை போலப் பரம்பரைக் கூறுகளில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே இரண்டு கூண்டுகளில் உள்ள சுண்டெலிகளிடையே வேறுபாடு தென்பட்டால், அது பிறப்பால் வந்தது என்று சொல்ல இடமில்லை. நாம் அவற்றை வைத்திருந்த நிலைமையால் வந்ததென்றே கொள்ளலாம்.

சில வாரங்கள் இவ்வாறு தொங்கிய சுண்டெலியின் பின்னங்கால் எலும்பு மெலிகிறது. எலும்பின் உட்புறம் உள்ள வலைபோன்ற பகுதி முதலில் பாதிக்கப்படுகிறது. கெண்டைக்கால் தசைகள் சுருங்குகின்றன. விண்வெளி வீரர்களுக்கும் நேர்வது இதுவே. மாதத்திற்கு ஒரு சதவிகிதமோ அதற்குச் சற்று மேலோ அவர்கள் இடுப்பெலும்பின் அடர்த்தியை இழக்கிறார்கள். அதனால்தான் விண்வெளி நிலையத்தில் நாள்தோறும் உடற்பயிற்சி கட்டாயம்.

ஆனால் இங்கே ஒரு சந்தேகம் எழுகிறது. வாலைக் கட்டித் தொங்கவிட்டால் எந்தப் பிராணிதான் கலங்காது? எலும்பு தேய்ந்தது காலில் பாரம் இல்லாததால்தானா, அல்லது கலக்கத்தால் உடலே குலைந்து போனதாலா?

நெருக்கடியும் சுரப்பியும்

இந்தச் சந்தேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அறிய, நாளமில்லாச் சுரப்பிகள் என்னும் பாடத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வியன்னாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்பவர் மான்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குப் பலவிதச் சாறுகளை ஊசிமூலம் செலுத்தி, ஒரு புதிய ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்தார். எந்தச் சாற்றைச் செலுத்தினாலும் ஒரே மூன்று மாறுதல்கள் தென்பட்டன. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி பருத்தது. மார்புக்கூட்டிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் உண்டாயிற்று. சாற்றுக்குப் பதிலாக ஃபார்மலினைச் செலுத்தியபோதும் அப்படியே. கடுங்குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் அப்படியே! தேடிய ஹார்மோன் கிடைக்கவில்லை. ஆனால் துன்பம் எதுவாயினும் உடல் தரும் விடையில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது என்பது கிடைத்தது. 1936-ல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய சிறு கடிதம் இந்தத் துறைக்கே வாசலாயிற்று. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ என்றும், நம் பத்திரிகைகளில் ‘மன அழுத்தம்’ என்றும் இன்று குறிப்பிடப்படுவது இதுவே. எலியின் மனத்தை நாம் அறியோம், உடலைத்தான் அளக்கிறோம். ஆகையால் ‘நெருக்கடி’ என்ற சொல்லையே இங்கே பயன்படுத்துகிறோம்.

நெருக்கடி வந்ததும் மூளையின் அடிப்புறமுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு கட்டளையைப் பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி மற்றொரு கட்டளையை இரத்தத்தின் வழியே அட்ரீனலுக்கு அனுப்புகிறது. அட்ரீனலின் புறணி நமக்குக் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனையும், சுண்டெலிக்குக் கார்ட்டிகோஸ்டீரோன் என்னும் ஹார்மோனையும் சுரக்கிறது. தேர்வறையில் வினாத்தாள் கைக்கு வரும் கணத்தில் நாக்கு வறண்டு நெஞ்சு படபடக்கிறதே, அது அட்ரீனலின் உட்பகுதி செய்யும் விரைவான வேலை. புறணியின் வேலை சற்று மெதுவானது. இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, உடலை ஓடவோ போராடவோ ஆயத்தம் செய்கிறது. சில மணி நேரத்திற்கு இது நல்லதே. வாரக்கணக்கில் நீடித்தால் தசையைக் கரைக்கிறது, புதிய எலும்பு உருவாவதைக் குறைக்கிறது, நோயெதிர்ப்பு அணுக்களைத் தளர்த்துகிறது.

இப்போது சிக்கல் புரிகிறதல்லவா? எடையின்மை செய்வதாக நாம் சொல்லும் தீங்குகளையே நெருக்கடி ஹார்மோனும் செய்யவல்லது. எலும்பு தேய்ந்த சுண்டெலியைக் காட்டி “பார், விண்வெளியில் இப்படித்தான் ஆகும்” என்று சொன்னால், “இல்லை, நீ அதைப் பயமுறுத்தினாய், அதனால் ஆயிற்று” என்று மற்றவர் மறுக்க இடமிருக்கிறது. இதற்குச் சுண்டெலியின் முன்னங்கால்களே ஓரளவு விடை தருகின்றன. ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்வது. அதுதான் காரணமென்றால் முன்னங்கால் எலும்பும் பின்னங்கால் எலும்பைப் போலவே தேய வேண்டும். ஆனால் பாரம் தாங்கும் முன்னங்கால்கள் அப்படித் தேய்வதில்லை. ஒரே உடலில் சோதனையும் ஒப்பீடும் ஒன்றாக அமைந்திருப்பது எவ்வளவு அழகு!

நெருக்கடியை அளப்பதும் எளிதன்று. சுண்டெலி இரவில் விழித்திருக்கும் பிராணி. இருட்டத் தொடங்கும் நேரத்தில் அதன் கார்ட்டிகோஸ்டீரோன் இயல்பாகவே உச்சத்தில் இருக்கும். காலையில் ஒன்றுக்கும் மாலையில் மற்றொன்றுக்கும் இரத்தம் எடுத்து ஒப்பிட்டால் கணக்கே தப்பிவிடும். கையால் பிடித்துத் தூக்கினாலே சில நிமிடங்களில் ஹார்மோன் ஏறிவிடுகிறது. செல்யே பணியாற்றிய அதே மக்கில் பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. சோதனை செய்பவர் ஆணாக இருந்தால், அவருடைய மணத்தாலேயே எலிகளும் சுண்டெலிகளும் நெருக்கடிக்கு உள்ளாகின்றனவாம். ஆண்கள் அணிந்த சட்டையை அருகில் வைத்தாலும் போதும். பெண்கள் அருகில் இருந்தபோது அப்படி நேரவில்லை. இதைப் படித்ததும் எங்கள் வகுப்பில் எழுந்த சிரிப்பை அடக்க ஆசிரியை சற்றுச் சிரமப்பட வேண்டியிருந்தது.

தனிமை என்னும் மற்றொரு நெருக்கடி

தொங்கும் சுண்டெலி, வழக்கமாக, கூண்டில் தனியாகவே இருக்கும். ஒரே கூண்டில் இரண்டைத் தொங்கவிட்டால் கட்டுகள் சிக்கிக்கொள்ளும், ஒன்றின் கட்டை மற்றொன்று கடிக்கும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். ஆனால் சுண்டெலி கூட்டமாக வாழும் பிராணி. ஒன்றன்மேல் ஒன்று குவிந்து உறங்குவது அதன் இயல்பு. அப்படி உறங்குவது பாசத்தினால் மட்டுமன்று, கணப்புக்காகவும்தான். உடல் கூடுதல் வெப்பத்தை உண்டாக்காமல் சுகமாக இருக்கச் சுண்டெலிக்கு ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வேண்டும். மனிதருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆராய்ச்சிக்கூடத்தைப் பெரும்பாலும் 20 முதல் 24 பாகையில் வைத்திருக்கிறார்கள். ஆகவே தனித்துவிடப்பட்ட சுண்டெலிக்குத் துணையும் இல்லை, கணப்பும் இல்லை.

தனிமை அதன் மூளையையும் மாற்றுகிறது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் தனித்திருந்த சுண்டெலிகள் அச்சுறுத்தும் ஒலி நின்ற பிறகும் அசையாமல் உறைந்து கிடந்தன. புதிய சுண்டெலியைக் கண்டால் சீறிப் பாய்ந்தன. ஒருநாள் தனிமை அவ்வாறு செய்யவில்லை, இரண்டு வாரத் தனிமையே செய்தது. விடுதியில் தங்கிப் படிப்போருக்கு இதில் ஒரு பகுதி தெரிந்த கதைதான். ஜூன் மாதத்தில் புதிதாக வந்து சேரும் ஆறாம் வகுப்புத் தங்கையரில் சிலர் முதல் வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்கள், உள்ளே இறங்காது. அவர்களைச் சுற்றியோ அறுபது பேர்! சுண்டெலியோடு மனிதரை அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது என்பதற்கும் இதுவே சான்று. சுண்டெலிக்குப் பக்கத்தில் ஏதேனும் ஒரு சுண்டெலி இருந்தால் போதுமாயிருக்கலாம். நமக்கு அப்படி இல்லை.

விண்வெளி வீரருக்கும் தனிமை உண்டு. செவ்வாய்க்குச் செல்வதற்கே ஆறு மாதத்திற்கு மேல் ஆகும். 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை மாஸ்கோவில் ஆறு பேரை 520 நாட்கள் மூடிய அறைகளில் வைத்துப் பார்த்தது இதற்காகவே. ஆகவே எடையின்மையையும் தனிமையையும் தனித்தனியாக அளந்தாக வேண்டும். ஆனால் தொங்கும் சுண்டெலியிடம் இரண்டும் பல ஆண்டுகளாக ஒன்றாகவே பிணைந்திருந்தன.

அந்த முடிச்சை அவிழ்க்க ஏம்ஸ் நிலையத்தில் கேண்டிஸ் டாஹிமிக், ரூத் குளோபஸ் முதலிய விஞ்ஞானிகள் முயன்றார்கள். பழைய கூண்டைத் திருத்தி, இரண்டு சுண்டெலிகள் ஒன்றாகத் தொங்கும்படி புதிய கூண்டு ஒன்றை அமைத்தார்கள். வளர்ந்த பெண் சுண்டெலிகளை 30 நாட்கள் வைத்துச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். அதை விளங்கிக்கொள்ள நான்கு கூண்டுகளை மனத்தில் வரைந்துகொள்வோம். முதல் கூண்டில் இரண்டு சுண்டெலிகள் தரையில் ஓடியாடுகின்றன. இரண்டாவதில் ஒன்றே ஒன்று தரையில் இருக்கிறது. மூன்றாவதில் இரண்டு தொங்குகின்றன. நான்காவதில் ஒன்று தனியாகத் தொங்குகிறது.

எலும்பும் தசையும் என்ன சொல்லின? தொங்கியவை எல்லாவற்றுக்கும் மெலிந்தன, துணை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. துணை வந்து காலின் பாரத்தைத் தந்துவிட முடியாதல்லவா? இதனால் ஒரு பெரிய ஆறுதல் கிடைத்தது. தனிக் கூண்டில் முப்பது நாற்பது ஆண்டுகளாக எலும்பைப் பற்றி எழுதிய முடிவுகளைத் தனிமையைக் காரணம் காட்டித் தள்ளிவிட வேண்டியதில்லை.

நோயெதிர்ப்பில் கதை வேறு. வெள்ளணுக்களில் ‘உதவி டி அணுக்கள்’ என்று ஒரு வகை உண்டு. மற்ற அணுக்களுக்குப் போர்முரசு கொட்டுபவை அவை. தனியாகத் தொங்கிய சுண்டெலிகளில் இவற்றின் விகிதம் குறைந்தது. இணையாகத் தொங்கியவற்றில் குறையவில்லை. துணை இங்கே ஏதோ ஒரு விதத்தில் காத்திருக்கிறது.

அட்ரீனல் சுரப்பியின் எடையில்தான் யாரும் எதிர்பாராத விடை கிடைத்தது. தரையில் இருந்தவற்றுள், தனித்திருந்த சுண்டெலிக்கு அட்ரீனல் பருத்திருந்தது. இது செல்யே சொன்னதற்குப் பொருத்தமே. இணையாக இருந்தவற்றுள், தொங்கியவற்றுக்குப் பருத்திருந்தது. இதுவும் சரி. ஆனால் தனியாகத் தொங்கியதையும் தனியாகத் தரையில் இருந்ததையும் ஒப்பிட்டபோது, தொங்கியதால் சுரப்பி மேலும் பருக்கவில்லை! இரண்டு துன்பங்கள் சேர்ந்தால் இரண்டின் கூட்டுத்தொகை வரும் என்றுதானே நாம் கணக்குப் போடுவோம்? உடல் அப்படிக் கூட்டவில்லை. விளிம்புவரை நீர் நிறைந்த குடத்தில் இன்னொரு செம்பு ஊற்றினால் நீர்மட்டம் உயராது என்பதுபோல நினைத்துப் பார்க்கலாம். தனிமை ஏற்கெனவே சுரப்பியைப் பருக்கச் செய்துவிட்டதால், தொங்குவதன் பாதிப்பு அதன் பின்னே மறைந்துகொண்டது. ஒரு நெருக்கடி மற்றொரு நெருக்கடியை மிகுதியாக்கும் என்பதோடு, மறைக்கவும் கூடும் என்பதே அவ்விஞ்ஞானிகள் சொல்லும் செய்தி.

இதில் நாம் சற்று நின்று யோசித்தோம். இரண்டாவது, நான்காவது கூண்டுகளை மட்டும் வைத்திருந்தால், “தொங்கவிடுவதால் அட்ரீனல் பருப்பதில்லை, ஆகவே சுண்டெலிக்கு நெருக்கடி இல்லை” என்று எழுதியிருப்போம். முதலாவது, மூன்றாவது கூண்டுகளை மட்டும் பார்த்திருந்தால் நேர் எதிராக எழுதியிருப்போம். துணையோடு தொங்கியவற்றுக்குச் சுரப்பி பருத்ததைக் கண்டு, துணையால்தான் கேடு என்று சொல்வதும் பொருந்தாது. அவற்றை ஒப்பிட்டது துணையோடு சுகமாகத் தரையில் இருந்தவற்றுடன். போதாக்குறைக்கு, முப்பதாம் நாளில் இரத்தத்திலுள்ள கார்ட்டிகோஸ்டீரோனை அளந்தபோது, தொங்கியவற்றுக்கு இரு வகையிலும் கூடியே இருந்தது. ஒரே சுரப்பியைப் பற்றிய இரண்டு அளவைகள், இரண்டு விடைகள்! சுரப்பியின் எடை பல நாட்களின் உழைப்பைக் காட்டுவது. இரத்தத்தின் அளவு அந்த வேளையின் நிலையைக் காட்டுவது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதையும் அறிந்ததாகச் சொல்ல முடியாது.

இதைப் படிக்கும் தாய்மாரும் கன்னியரும் “பாவம், வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கலாமா?” என்று கேட்பார்கள். நாமும் கேட்டோம். அட்ரீனலை எடை போட வேண்டுமானால் அந்தச் சுண்டெலி உயிரோடு இருக்க முடியாது, இதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. இங்கிலாந்தில் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்னும் இருவர் 1959-ல் எழுதிய நூல் ஒன்று இதற்கு ஒரு நெறி வகுத்தது. விலங்கில்லாமல் செய்ய இயலுமானால் அப்படிச் செய், இயலாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, பயன்படுத்தும் விலங்கின் துன்பத்தைத் தணி என்பது அதன் சாரம். இருவர் தங்கும் கூண்டு மூன்றாவது வகையைச் சேர்ந்தது. எங்கள் கருத்து என்னவென்றால், துணை கொடுத்தாலும் எலும்பைப் பற்றிய முடிவு மாறவில்லை என்று தெரிந்த பிறகு, பெண் சுண்டெலிகளைக் கொண்டு எலும்பை மட்டும் ஆராய்வோர் தனிக் கூண்டை நாடுவதற்கு வலுவான காரணம் சொல்ல வேண்டும். ஆண் சுண்டெலிகளைப் பற்றி அப்படிச் சொல்லத் துணியமாட்டோம். அறிமுகமில்லாத ஆண் சுண்டெலிகளை ஒன்றாக வைத்தால் கடித்துக் குதறிக்கொள்ளும்.

மெய்யான விண்வெளியில்

தரையில் கண்டது மேலேயும் பொருந்துகிறதா? சுண்டெலிகள் மேலே சென்றும் வந்திருக்கின்றன, அவற்றின் பயணம் எப்போதும் இனிதாக முடிந்ததில்லை. 2009-ல் ஆறு சுண்டெலிகள் தனித்தனி அறைகளில் 91 நாட்கள் விண்வெளி நிலையத்தில் இருந்தன. மூன்றே பிழைத்தன. 2013-ல் ரஷ்யாவின் ‘பியான்-எம்1’ கலத்தில் 45 சுண்டெலிகள் மூன்று மூன்றாக வைக்கப்பட்டு 30 நாட்கள் சுற்றின. பாதிக்கும் குறைவானவையே உயிரோடு இறங்கின.

2016-ல் ஜப்பானியர் செய்த சோதனை நம் கேள்விக்கு மிகவும் நெருங்கி வருகிறது. விண்வெளி நிலையத்திலுள்ள அவர்களுடைய ‘கிபோ’ கூடத்தில் 12 ஆண் சுண்டெலிகள் 35 நாட்கள் இருந்தன. பன்னிரண்டுக்கும் தனித்தனி அறை. அவற்றில் ஆறு மிதந்தன. மற்ற ஆறும் சுழலும் இயந்திரத்தில் வைக்கப்பட்டு, தரையில் உள்ள அதே எடையை அங்கேயே பெற்றன. தயிர் கடையும் மத்து சுழலும்போது மோர் பாத்திரத்தின் ஓரத்தை நோக்கி ஏறுகிறதே, அந்த விசைதான். ராக்கெட்டின் அதிர்ச்சி இரண்டு பிரிவுக்கும் ஒன்று, புதிய இடம் ஒன்று, தனிமையும் ஒன்று. எடை மட்டுமே வேறு. பன்னிரண்டும் உயிரோடு திரும்பின. மிதந்தவற்றின் எலும்பும் தசையும் மெலிந்திருந்தன, சுழன்றவற்றுக்கு அப்படி இல்லை. தரையில் தொங்கிய சுண்டெலி சொன்னதற்கு விண்வெளிச் சுண்டெலி சாட்சி சொல்லிவிட்டது.

துணையோடு சென்றவை என்ன செய்தன என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2014-ல் ‘நாசா’ அனுப்பிய பெண் சுண்டெலிகள் கூட்டமாக ஒரே கூண்டில் இருந்தன. அவை உண்டன, உறங்கின, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொண்டன. புறப்பட்டு ஏழு முதல் பத்து நாட்கள் கழிந்ததும் ஒன்று கூண்டின் சுவரைச் சுற்றி வட்டமாக ஓடத் தொடங்கியது. பிறகு மற்றவையும் சேர்ந்துகொண்டு, கூட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடலாயின. தரையில் அதேபோன்ற கூண்டில் இருந்தவை அப்படி ஓடவில்லை. 2019-ல் வெளியான ஆய்வு இதற்கு மூன்று காரணங்களை முன்வைக்கிறது. அடைபட்ட விலங்கு நெருக்கடியில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதாக இருக்கலாம். ஓடுவதே இன்பம் என்பதால் ஓடியிருக்கலாம். அல்லது எடையில்லாத இடத்தில் ஒன்றும் உணராமல் கிடக்கும் உட்காதின் சமநிலை உறுப்புக்கு ஓட்டத்தால் ஏதேனும் உணர்வு கிடைத்திருக்கலாம். மூன்றில் எது என்று அவர்கள் முடிவு கூறவில்லை. ஓடியவை 16 வார வயதுடைய இளஞ் சுண்டெலிகள். 32 வார வயதுடைய மூத்தவை அந்த ஓட்டத்தைத் தொடங்கவே இல்லை.